நிறுத்தும் தேதி

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

உங்கள் எழுத்துகளைப் பல வருடங்களாகப் படிக்கிறேன். இதுவரை எழுதியதில்லை. இப்போது யாரிடம் கேட்பது என்று தெரியாமல் எழுதுகிறேன்.

என் மனைவிக்கு அறுபத்து மூன்று வயது. அல்சைமர் என்று கண்டுபிடித்து நான்கு வருடம் ஆகிறது. வெறும் மறதியாக இருந்தவரை சமாளித்துவிட்டேன். இப்போது காரணமே இல்லாமல் கத்துகிறாள். குளிக்க வைக்கப் போனால் அடிக்கிறாள். "நீ யார், என் வீட்டுக்காரர் எங்கே" என்று என்னிடமே கேட்கிறாள். போன மாதம் காரணமே இல்லாமல் தட்டைத் தூக்கி எறிந்தாள். ஆவேசத்தை அடக்குவதற்கு மருத்துவர் ரிஸ்பெரிடோன் என்ற மாத்திரையைக் கால் மில்லிகிராம் இரண்டு வேளை எழுதிக்கொடுத்தார். அப்புறம் அதை அரை மில்லிகிராமாகக் கூட்டினார். இருபது நாள் நன்றாக இருந்தது. மறுபடி காரணமே இல்லாமல் ஆரம்பித்துவிட்டது. தாங்க முடியாமல் மூன்று இரவுகள், எனக்கு எழுதிக்கொடுத்திருந்த குளோனாசெபாம் என்ற, தூக்கம் வரவழைக்கிற மாத்திரையில் பாதியை அவளுக்குக் கொடுத்தேன். மருத்துவரிடம் சொல்லவில்லை.

மகள் இணையத்தில் படித்துவிட்டு, "ரிஸ்பெரிடோன் உயிருக்கே ஆபத்து, கொடுக்காதீர்கள்" என்று போனில் அழுகிறாள். மகன் "டோஸைக் கூட்டச் சொல்லுங்கள், முடியாவிட்டால் ஒரு இல்லத்தில் சேர்த்துவிடலாம்" என்கிறான். புது மருந்து ஒன்று வந்திருப்பதாகவும் சொல்கிறான். முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவளை மாத்திரை கொடுத்து அடக்கி வைப்பது துரோகம் இல்லையா? தொடர்வதா, நிறுத்துவதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நீண்ட கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கு எழுபத்தாறு ஆகிறது. அந்த உரிமையில் தம்பி என்று கூப்பிடுகிறேன். அதே உரிமையில் திட்டவும் போகிறேன்.

முதலில் அந்தக் குளோனாசெபாம். உங்களுக்கு எழுதிய மாத்திரையை உங்கள் மனைவிக்குக் கொடுக்கலாம் என்று யார் சொன்னது? மூன்று ராத்திரி கண் மூடாதவர் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். நானும் ஒரு ராத்திரி மருந்து டப்பாவைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறேன். இருந்தாலும் நீங்கள் செய்தது தப்பு. ரிஸ்பெரிடோன் போய்க்கொண்டிருக்கிற உடம்பில் இதுவும் சேர்ந்தால், ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்திருக்கும்போது கால் தள்ளாடும். விழுந்தால் இடுப்பு எலும்பு போகும். அதற்கப்புறம் அவர் பழையபடி நடமாடுவது ரொம்பக் கஷ்டம். இன்னொன்றும் இருக்கிறது. டிமென்ஷியா என்கிற மறதிநோய் (அல்சைமர் அதில் ஒரு வகை) வந்த சிலருக்கு இந்த வகை மாத்திரை தூக்கத்தைத் தராமல் குழப்பத்தையும் ஆவேசத்தையும் கூட்டிவிடும். நோய் முற்றிவிட்டது என்று நினைத்து நீங்கள் இன்னொரு பாதியைக் கொடுப்பீர்கள். நாளைக் காலையில் முதல் வேலையாக மருத்துவரைக் கூப்பிட்டு, இன்ன மாத்திரை, இத்தனை மில்லிகிராம், இந்த மூன்று இரவுகள் கொடுத்தேன் என்று சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் மறைத்தால், அவர் எழுதுகிற அடுத்த மருந்து தப்பான கணக்கின் மேல்தான் எழுதப்படும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் மகள் படித்தது உண்மை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-இல், டிமென்ஷியா வந்த முதியவர்களுக்கு ரிஸ்பெரிடோன் வகை மருந்துகளைக் கொடுப்பதைப் பற்றிக் கட்டம் கட்டி எச்சரித்தது. 17 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மருந்து சாப்பிட்டவர்களில் இறப்பு 1.6 முதல் 1.7 மடங்கு இருந்தது. பத்து வார அளவில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 2.6 பேர் இறந்தார்கள் என்றால் மருந்து சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய 4.5 பேர். பெரும்பாலும் இதயக் கோளாறு, நிமோனியா போன்ற தொற்று. 2008-இல் அதே எச்சரிக்கையை ஹாலோபெரிடால் மாதிரியான பழைய மருந்துகளுக்கும் நீட்டினார்கள். பக்கவாத அபாயம் தனி. அதனால் மகளை அதட்டாதீர்கள். நீ படித்தது சரிதான் என்று அவளிடம் சொல்லுங்கள்.

மருத்துவர் எழுதியதும் சரிதான். வேறு வழிகளைப் பார்த்தும் அடங்காத, அவருக்கோ பக்கத்தில் இருப்பவருக்கோ ஆபத்தாகிற ஆவேசத்துக்கு ரிஸ்பெரிடோனைக் கொடுக்கலாம் என்று ஐரோப்பாவில் அனுமதியே இருக்கிறது. உங்கள் மருத்துவர் தொடங்கிய கால் மில்லிகிராம் இரண்டு வேளைதான் அங்கும் தொடக்க அளவு. ஆனால் அந்த அனுமதியில் ஒரு காலக்கெடுவும் இருக்கிறது. ஆறு வாரம் வரை. இந்த ஆறு வாரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருகிறேன். அதற்கு முன்னால் மருத்துவரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: "இது லூயி பாடி வகை டிமென்ஷியாவாக இருக்க வாய்ப்பில்லை என்று உறுதியா?" இல்லாத ஆட்களைக் கண்ணெதிரே பார்ப்பது, நாளுக்கு நாள் தெளிவு ஏறி இறங்குவது, தூக்கத்தில் கை கால் உதறுவது, உடம்பு விறைப்பது என்றெல்லாம் இருந்தால் கட்டாயம் கேளுங்கள். அந்த வகையில் இந்த மருந்துகள் உயிருக்கே உலை வைத்துவிடும்.

துரோகமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை நான் கையில் எடுக்க மாட்டேன். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தவரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. ராத்திரி படுக்கையில் கிடந்து துரோகமா துரோகமா என்று புரளுகிற நேரத்தில் தூங்குங்கள். உங்கள் மனைவிக்கு அது உபயோகமாக இருக்கும்.

எனக்குக் கோபம் வந்தது வேறொரு சொல்லின் மேல். உங்கள் கடிதத்தில் "காரணமே இல்லாமல்" என்று மூன்று இடத்தில் வருகிறது. கத்துவதற்குக் காரணம் இல்லை, தட்டை எறிவதற்குக் காரணம் இல்லை, மறுபடி ஆரம்பித்ததற்கும் காரணம் இல்லை. எத்தனை மணிக்குக் கத்தினார்? அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடந்தது? தட்டை எறிந்த அன்று அவருக்குப் பல் வலித்ததா, கண்ணில் வெளிச்சம் குத்தியதா, பக்கத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்ததா? ஒன்றுமே இல்லை. ரிஸ்பெரிடோன் எத்தனை மில்லிகிராம் என்பது மட்டும் சுத்தமாக இருக்கிறது.

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் அல்சைமர் நோய் முதன்முதலில் கண்டறியப்பட்ட அகுஸ்தே டெட்டரைப் பற்றி நான் மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். 1901 நவம்பரில் பிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது அந்த அம்மாவுக்கு ஐம்பத்தொரு வயது. முதலில் தெரிந்த அறிகுறி மறதிகூட இல்லை, கணவர் மேல் சந்தேகம். அங்கே இருந்த அலோய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் அவரைப் பார்த்தார். இன்று நம் வீடுகளுக்குள் நுழைந்துவிட்ட அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர். அவர் செய்தது, எதிரே உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதியது. பெயர் என்ன என்று கேட்கிறார். அகுஸ்தே. குடும்பப் பெயர்? அகுஸ்தே. கணவர் பெயர்? கொஞ்சம் தயங்கிவிட்டு, அகுஸ்தே என்று நினைக்கிறேன் என்கிறார் அந்த அம்மா. எல்லாம் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. என்னை நான் தொலைத்துவிட்டேன் என்று அவர் சொன்னதும் அதில் இருக்கிறது. 1906-இல் அந்த அம்மா இறந்துபோனார். அந்தக் கோப்பு காணாமல் போய், 1995-இல் பிராங்க்ஃபர்ட்டிலேயே திரும்பக் கிடைத்தது. கிடைத்ததைப் படித்த எல்லோரும் மூளையைப் பற்றிப் பேசினார்கள். நான் அந்தக் கணவரை நினைத்துக்கொண்டிருந்தேன். மனைவி தன் பெயரையே தனக்குக் கணவர் பெயராகச் சொன்னாள் என்று யாராவது அவரிடம் சொல்லியிருப்பார்களா?

உங்கள் மனைவி "என் வீட்டுக்காரர் எங்கே" என்று உங்களிடமே கேட்கிறார் என்று படித்ததும் எனக்கு அதுதான் வந்தது. என் வீட்டுக்காரர் என்னிடம், "அந்தம்மா எப்ப வருவாங்க" என்று கேட்பார். அந்தம்மா நான்தான். முதல் மாதம் "நான்தாங்க, நான்தாங்க" என்று அழுதேன். அவர் இன்னும் பயந்தார். அப்புறம், "வந்துடுவாங்க, அதுவரைக்கும் நான் கூட இருக்கேன்" என்று சொல்லப் பழகினேன். பொய்யா என்று யாராவது கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும்.

அவருக்கு நோய் தொடங்கி ஐந்தாவது வருடம். சாயங்காலம் ஆனால் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவார். கதவு பூட்டியிருந்தால் தோளால் இடிப்பார். ஒருநாள் நான் குறுக்கே நின்றேன், என் மணிக்கட்டில் பிளவு வந்தது. ரிஸ்பெரிடோன் தொடங்கினார்கள். மூன்றாவது வாரம் அடங்கினார். அன்று ராத்திரி நான் ஆறு மணி நேரம் தூங்கினேன். அந்த ஆறு மணி நேரத்துக்காக அந்த மாத்திரைக்கு இன்றும் நன்றி சொல்வேன். அதை யாரும் என்னிடமிருந்து பறிக்க முடியாது.

ஐந்தாவது மாதம் வாக்கில் அவர் கால் ஆட ஆரம்பித்தது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், முன்பாதம் தரையில் இருக்கும், குதிகால் மட்டும் தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி மேலும் கீழும் போகும். எழுந்திருப்பார், ஜன்னல்வரை போவார், திரும்பி வந்து உட்காருவார், உட்கார்ந்த வேகத்தில் எழுந்திருப்பார். முகத்தில் ஒரு தவிப்பு. நான் மருத்துவரிடம், "மறுபடியும் படபடப்பு அதிகமாயிடுச்சு" என்று சொன்னேன். நான் சொன்னதைக் கேட்டு அவர் டோஸைக் கூட்டினார். கால் இன்னும் ஆடியது. நான் மறுபடி போய் அதையே சொன்னேன். மறுபடி கூடியது.

அதற்கு அகதீசியா என்று பெயர். மருந்தே உண்டாக்குகிற தவிப்பு. உள்ளுக்குள் ஏதோ துரத்த, உட்கார முடியாது, நிற்கவும் முடியாது. வாய் பேசுகிறவர் என்றால் "மாத்திரை போட்டதிலிருந்து ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிடுவார். என் வீட்டுக்காரரால் சொல்ல முடியவில்லை. நடந்தார். நடந்ததைப் பார்த்து நான் மாத்திரையைக் கூட்ட வைத்தேன். தம்பி, உங்கள் மனைவிக்கு இருபது நாள் நன்றாக இருந்து, மறுபடி ஆரம்பித்தது என்கிறீர்களே, அது பழையது மாதிரியே இருக்கிறதா, புதுசாக இருக்கிறதா? கால்களைப் பாருங்கள். தரையில் உட்கார்ந்து பாருங்கள்.

அப்புறம் ஒரு கட்டத்தில் நடையும் நின்றது. கை விறைத்தது. ஸ்பூன் தட்டிலிருந்து கிளம்பி பாதி வழியில் நிற்கும். வாயோரம் எச்சில் வடியும். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. பார்க்க வந்தவர்கள், "பரவாயில்லையே, அமைதியா இருக்காரே" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இதை எழுதும்போது இன்னும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

எங்கள் மருத்துவர் வேறு இடத்துக்கு மாற்றலாகிப் போனார். அவர் இடத்துக்கு வந்தவர் சின்னப் பெண். என் வீட்டுக்காரருடைய முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டை மெதுவாக மடக்கி நீட்டிப் பார்த்தார். பல்சக்கரம் தட்டுகிற மாதிரி விட்டு விட்டு மடங்கியது. என் பக்கம் திரும்பி, "இந்த மாத்திரை எப்ப ஆரம்பிச்சீங்க" என்றார். "போன வருஷம்" என்றேன். "போன வருஷம் எப்போ?" தெரியவில்லை. "எப்ப நிறுத்திப் பார்க்கறதா பேசினீங்க?"

யாரும் பேசவே இல்லை, தம்பி. பழைய சீட்டுகளைத் தேடி எடுத்துக் கணக்குப் பார்த்தோம். பதினாலு மாதம். அந்தப் பெண் என்னை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

என் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தேதி எழுதுகிற மனிதர். சுவர்க்கடிகாரத்தில் பேட்டரி மாற்றினால் அதன் முதுகில் சின்னத் தாள் ஒட்டித் தேதி எழுதுவார். இருமல் மருந்தைத் திறந்த நாளை அந்தப் புட்டியிலேயே எழுதுவார். அவர் வாய்க்குள் நான் ஒருநாளைக்கு இரண்டு தடவை போட்ட மாத்திரைக்கு மட்டும் தேதி இல்லாமல் போனது.

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆறு வாரத்தை மனதில் வைக்கச் சொன்னதும் இதற்குத்தான். தொடர்வதா நிறுத்துவதா என்பது இன்றைக்கு மட்டும் கேட்கிற கேள்வி இல்லை. தொடங்கிய அன்றே, நிறுத்திப் பார்க்கும் தேதியையும் சேர்த்துக் குறித்திருக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. போதுமான அளவில் நாலு வாரம் கொடுத்தும் பலன் தெரியவில்லை என்றால் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். பலன் கிடைத்தாலும், தொடங்கி நாலு மாதத்துக்குள் குறைத்துப் பார்க்க வேண்டும். பலன் கிடைத்தாலும் என்பதைக் கவனியுங்கள். நன்றாகத்தானே இருக்கிறார், எதற்குக் கை வைப்பது என்றுதான் எல்லா வீட்டிலும் விட்டுவிடுகிறார்கள். ஆவேசம் எப்போதும் அதே அளவில் நிற்பதில்லை. நோய் நகர நகர, சில மாதத்தில் அது தானாகவே தணிவதும் உண்டு. அப்போது அமைதியாக இருப்பது மாத்திரையாலா, இல்லையா என்று குறைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பிரிட்டனில் பராமரிப்பு இல்லங்களில் இருந்த 165 அல்சைமர் நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. எல்லோரும் ஏற்கெனவே இந்த வகை மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். பாதிப் பேருக்கு அதையே தொடர்ந்தார்கள், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரைக்கு மாற்றினார்கள். 2009-இல் முடிவு வெளியானது. ஒரு வருடம் கழித்து, தொடர்ந்தவர்களில் நூற்றுக்கு 70 பேர் உயிரோடு இருந்தார்கள், நிறுத்தியவர்களில் 77 பேர். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது தொடர்ந்தவர்களில் 46 பேர், நிறுத்தியவர்களில் 71 பேர். அந்த எண்களைப் படித்த அன்று நான் பதினாலு மாதத்தைத்தான் எண்ணினேன். நிறுத்தினால் எல்லோருக்கும் ஆவேசம் திரும்பிவிடும் என்றும் இல்லை. பலருக்குப் பெரிய மாற்றம் ஏதும் வருவதில்லை. தொடக்கத்தில் ரொம்பக் கடுமையாக இருந்தவர்களுக்குத் திரும்ப வரலாம், அவர்களை நெருக்கமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைப் படித்துவிட்டு நாளைக்கே நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அப்படிச் செய்தால் குளோனாசெபாமுக்குத் திட்டியதைவிட அதிகமாகத் திட்டுவேன். குறைப்பதும் மருத்துவர் சொல்லி, அவர் கண் முன்னால் நடக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் எட்டு வாரத்தில் குறைத்தோம். இரண்டாவது வாரம் அவர் கத்தினார். பயந்து போன் செய்தேன். அந்தச் சின்ன மருத்துவர், "ஒரு நோட்டு வாங்கி எழுதுங்க, வாரத்துக்கு ஒரு தரம் எனக்குப் படிச்சுக் காட்டுங்க" என்றார். மணி, அதற்கு முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், நான் என்ன செய்தேன், எப்போது அடங்கியது. ஐந்து கட்டம் போட்டு எழுதினேன். பதினாலு நாளில் பெரிய ரகளை ஆறு. என்னவாக இருக்கும் என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் போனில் கேட்ட கேள்வி ஒன்றுதான். "மோஷன் எப்ப போனார்?" அதையும் எழுத ஆரம்பித்தேன். அடுத்த மூன்று வாரம் பார்த்ததில், மலம் கழியாமல் மூன்றாவது நாள் தொடும்போதுதான் பெரும்பாலும் கதவை இடித்திருக்கிறார். வயிறு கல்லாக இருந்திருக்கிறது. அவருக்கு அது வயிறு என்று தெரியவில்லை. இங்கே ஏதோ சரியில்லை, இங்கிருந்து போய்விட வேண்டும் என்று மட்டும் தெரிந்திருக்கிறது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார்.

வெட்கப்பட்டுக்கொண்டு இதையெல்லாம் எழுதாமல் விடுகிறோம். நான் எழுதுகிறேன். உங்கள் மனைவிக்கு மலச்சிக்கல் இருக்கிறதா, சிறுநீர்த் தொற்று இருக்கிறதா, சிறுநீர் முழுசாகப் போகிறதா, தண்ணீர் போதுமான அளவு குடிக்கிறாரா, ஈறு வீங்கியிருக்கிறதா, முட்டி வலிக்கிறதா? திடீரென்று ஓரிரு நாளில் குழப்பம் ஏறினால் அது டிமென்ஷியா முற்றியதாக இருப்பதைவிட, உடம்பில் வேறு ஏதோ கோளாறாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சாதாரணச் சளி, அரிப்பு, தூக்கத்துக்குக் கொடுக்கிற பழைய வகை அலர்ஜி மாத்திரைகளும், சிறுநீரை அடக்கக் கொடுக்கிற சில மாத்திரைகளும் இப்படிக் குழப்பும். வீட்டில் இருக்கிற மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். நார்வேயில் 18 பராமரிப்பு இல்லங்களில் 352 டிமென்ஷியா நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு வலிக்கான மருந்தை முறையாக, படிப்படியாகக் கொடுத்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு வெறும் பாராசிட்டமால்தான். எட்டு வாரத்தில் அவர்களுடைய ஆவேசம் சராசரியாக நூற்றுக்கு 17 பங்கு குறைந்தது. 2011-இல் வந்த ஆய்வு. வலிக்கிறது என்று சொல்ல வார்த்தை இல்லாதவர்கள், தம்பி. கத்துவதுதான் அவர்களுக்கு மிச்சம்.

குளியல் விஷயத்தில் நீங்கள் ரொம்பப் பிடிவாதம் பிடிக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. யாரென்றே தெரியாத ஒரு ஆண் வந்து உடுப்பைக் கழற்றினால் எந்தப் பெண் அடிக்க மாட்டாள்? தினமும் குளித்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பெரிய துண்டை நனைத்துப் பிழிந்து, உடம்பை மூடியபடியே, ஒரு நேரத்துக்கு ஒரு கை, ஒரு கால் என்று துடைத்துவிடுங்கள். அவர் கையில் பிடித்துக்கொள்ள இன்னொரு துண்டைக் கொடுங்கள். வேண்டாம் என்றால் வெளியே வந்துவிட்டு அரை மணி நேரம் கழித்துப் போங்கள். அதற்குள் மறந்திருப்பார்.

எட்டு வாரம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். காலையில் அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் சுவரைப் பார்த்து, "மணி ஓடல" என்றார். ஏழு மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம். கடிகாரம் நின்றுதான் போயிருந்தது, நான் கவனிக்கவில்லை. இறக்கித் திருப்பினேன். முதுகில் அவர் ஒட்டிய தாள், மஞ்சளாகி, அவருடைய சாய்வான எழுத்தில் தேதி. புது பேட்டரி போட்டேன். அவர் தலையை ஆட்டினார்.

கடைசி வருடத்தில் மறுபடி அந்த மாத்திரை தேவைப்பட்டது. அறைக்குள் ஆட்கள் நிற்கிறார்கள், கொல்ல வந்திருக்கிறார்கள் என்று நடுங்கினார். தண்ணீர் குடிக்க மாட்டேன் என்றார், விஷம் என்றார். வலி, தொற்று, மலம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. அவரை அந்தப் பயத்துக்குள் விட்டு வைப்பதுதான் கொடுமையாக இருந்திருக்கும். குறைந்த அளவில் தொடங்கினோம். தொடங்கிய தேதியை எழுதி, பக்கத்திலேயே நிறுத்திப் பார்க்கும் தேதியையும் எழுதி, மருந்து டப்பாவின் மூடியில் ஒட்டினேன். ஐந்து வாரம் கொடுத்துக் குறைத்து நிறுத்தினோம். அதற்காக ஒரு நாளும் நான் வருத்தப்பட்டதில்லை.

மகன் சொன்ன புது மருந்து பிரெக்ஸ்பிப்ரசோலாக இருக்கலாம். அல்சைமரில் வரும் ஆவேசத்துக்கென்றே அமெரிக்காவில் 2023 மே மாதம் அனுமதித்தார்கள். அதற்கும் அதே கட்டம் கட்டிய எச்சரிக்கை உண்டு. புதுசு என்பதற்காக ஓடாதீர்கள். இல்லத்தில் சேர்ப்பதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். மூன்று நாள் தூங்கிவிட்டு யோசியுங்கள். மகனிடம், டோஸைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு வாரத்தில் இரண்டு ராத்திரி வந்து அம்மா பக்கத்தில் படு என்று சொல்லுங்கள். உங்கள் குளோனாசெபாம் தீர்வதற்குள் சொல்லுங்கள்.

நாளைக்கு மருத்துவரிடம் பேசி முடித்ததும் பழைய சீட்டுகளைத் தேடி ரிஸ்பெரிடோன் தொடங்கிய தேதியைக் கண்டுபிடியுங்கள். அதை ஒரு தாளில் எழுதுங்கள். அதற்குக் கீழே இன்னொரு தேதிக்கு இடம் விட்டு, அந்தத் தாளை மருத்துவர் முன்னால் நீட்டுங்கள். அவர் எழுதிக் கொடுப்பதை டப்பாவின் மூடியில் ஒட்டிவிட்டு எனக்கும் எழுதுங்கள். முதல் வார நோட்டையும் சேர்த்து அனுப்புங்கள், படிக்கிறேன்.

அன்புடன்,
அக்கா